கொடையும் ஊர்ச் சொத்தும்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ‘மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபி’, தொழிலதிபர் அபிஷேக் போத்தார் பல ஆண்டுகள் சேர்த்துக் கொடையாகத் தந்த கலைப்பொருள்களின் மேல் எழுந்தது. ஓவியங்கள், துணிகள், பழைய சினிமா போஸ்டர்கள், மைசூர்க்காரர் டி.எஸ். சத்யன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஆய்வு நூலகமும் உண்டு. அதற்கு முன், அதே சாலையிலுள்ள அரசின் வெங்கடப்பா கலைக்கூடத்தைப் போத்தாரின் அறக்கட்டளை ஏற்று நடத்த ஒப்பந்தமானபோது, நகரத்து ஓவியர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஊர்ச் சொத்து ஊர்க் கையில்தான் இருக்க வேண்டும். கொடை தனக்கென்று தனிக் கட்டடம் தேடிக்கொண்டதால் இன்று நகரத்துக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் பொருளைக் கொடுத்ததோடு கொடை முடிந்துவிடாது. ரயில் நிலையத்தை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளும் அந்த அருங்காட்சியகத்தின் படிகளில் தயங்காமல் ஏற வேண்டும். ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பள்ளி ஆசிரியர்களே, இந்த ஆண்டே உங்கள் மாணவர்களை அங்கே அழைத்துப் போங்கள், நூலகத்தையும் காட்டுங்கள்.