செத்தவனைச் சாக விடுங்கள்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சாவைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டு. வியாதி, விபத்து, கொலை என்று பல வழிகளில் என் பாத்திரங்களை நானே சாக அடித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட நான் திருப்பி அழைத்ததில்லை. ஆகவே, 2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனி, தானே கொன்று எரிமலைக் குழம்பில் போட்ட ஒரு கிழவனைத் திரும்ப எடுத்துத் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டிக் கடையில் வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்று எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கிழவனின் பெயர் ஹெய்ஹாச்சி மிஷிமா. 'டெக்கென்' என்ற வீடியோ விளையாட்டில் வருகிறவன். தக்காணப் பீடபூமிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானிய மொழியில் 'இரும்பு முஷ்டி' என்று அர்த்தம். பின்னாளில் பண்டாயோடு இணைந்து 'பண்டாய் நாம்கோ'வாக மாறிய நாம்கோ கம்பெனி, 1994இல் காசு போட்டு ஆடும் யந்திரத்தில் இதன் முதல் பாகத்தை வெளியிட்டது. எட்டாம் பாகம் 2024 ஜனவரியில் வந்தது. முப்பது வருஷம் ஓடும் தொடர்கதையை எழுதும் பாக்கியத்தை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு இதுவரை அளிக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'சண்டை விளையாட்டு' என்றவுடன் முகத்தைச் சுளிக்கும் பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை. இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். பொத்தான்கள் நான்கு. இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒன்று. ஒரு வினாடியை அறுபது கூறாக்கி, பத்தாவது கூற்றிலே வந்து விழும் குத்தை எதிர்பார்த்துத் தடுக்க வேண்டும். இதற்குக் கை வேகம் மட்டும் போதாது. எதிராளியின் மனசைப் படிக்க வேண்டும். லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் ஆஷ் என்ற வாலிபர், 2019 பிப்ரவரியில் ஜப்பானிலே ஃபுகுவோகாவிலும், ஆகஸ்டில் அமெரிக்காவிலே லாஸ் வேகாஸிலும் ஏழாம் பாகப் போட்டிகளில் முதலிடம் பெற்றார். அதுவரை ஜப்பானியரும் கொரியரும் ஆண்ட துறை அது. அவர் ஜெயித்தது வெறும் முரட்டுத்தனத்தால் என்று சொல்லுகிறவர்கள், சதுரங்கத்தை மரக்கட்டைகளின் சண்டை என்று சொல்லலாம்.

இந்த ஆட்டத்தில் நான் மதிப்பது ஒன்று உண்டு: தோற்றவன் தோற்றவன்தான். விழுந்தபின் சமாதானம் இல்லை, சால்ஜாப்பு இல்லை. மறுபடி ஆடலாம், ஆனால் ஆடி முடித்த ஆட்டத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆட்டத்தில் இவ்வளவு நேர்மையாக இருப்பவர்கள் கதையில் ஏன் இப்படிப் பித்தலாட்டம் பண்ணுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஹெய்ஹாச்சி பெரிய செல்வன். சேனை வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு அதிபதி. ஐந்து வயது மகன் கஸுயாவை மலையுச்சியிலிருந்து பள்ளத்தில் எறிகிறான். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, முதல் பாகத்தில் அப்பனை ஜெயித்து, அதே பள்ளத்தில் அவனை எறிகிறான். இரண்டாம் பாகத்தில் அப்பன் ஏறி வந்து மகனை எரிமலை வாயில் போடுகிறான். மூன்றாம் பாகத்தில், கஸுயாவுக்கும் ஜூன் கஸாமா என்ற பெண்ணுக்கும் பிறந்த ஜின், பாட்டனிடம் அடைக்கலம் தேடி வருகிறான். பாட்டன் அவனுக்கு நான்கு வருஷம் வித்தை கற்பித்து, காரியம் முடிந்ததும் சுட்டுத் தள்ளுகிறான். வீட்டுப் பெரியவன் செய்த பாவம் மூன்று தலைமுறையை அரிக்கிறது. முரட்டுக் கதைதான், ஆனால் மட்டமான கதை என்று நான் சொல்ல மாட்டேன். பாகப் பிரிவினையில் தகப்பனும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போன குடும்பம் நம் தெருவிலேயே இல்லையா? அந்த வைரத்தைப் பூதாகாரமாக்கினால் மிஷிமா குடும்பம் வந்துவிடும்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் யாராலும் சாக முடியவில்லை. எரிமலையில் விழுந்த கஸுயாவை 2001இல் வந்த நான்காம் பாகத்தில் விஞ்ஞானிகளைக் கொண்டு எழுப்பிவிட்டார்கள். 2004இல் வந்த ஐந்தாம் பாகம், ஹெய்ஹாச்சி மாண்டான் என்ற அறிவிப்போடு ஆரம்பித்தது. பாகம் முடிவதற்குள் அவன் பிழைத்துக்கொண்டான். இதையெல்லாம் நான் மன்னித்தேன். முடிவு வரும் வரை கதாசிரியன் வாசகனைப் பயமுறுத்தலாம். அது தொழில் தர்மம்தான்.

2017இல் ஏழாம் பாகம் வீடுகளுக்கு வந்தது. அதில் முடிவையே சொன்னார்கள். அப்பன் ஏன் பிள்ளையைப் பள்ளத்தில் எறிந்தான் என்பதை அப்போதுதான் விளக்கினார்கள். பிசாசின் ரத்தம் ஓடிய மனைவி கஸுமியைத் தன் கையாலேயே கொன்றவன், அந்த ரத்தம் மகனிடமும் உண்டா என்று சோதித்திருக்கிறான். இருபத்து மூன்று வருஷத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பிறகு எரிமலையின் விளிம்பில் தகப்பனும் பிள்ளையும் கடைசிச் சண்டை போடுகிறார்கள். கிழவன் விழுகிறான். மகன் உடலைத் தூக்கி நெருப்புக் குழம்பில் போடுகிறான். கணக்கு தீர்ந்தது. அந்தக் காட்சி எனக்கு நிறைவாக இருந்தது. கொடியவன் ஒழிந்தான் என்ற நிறைவு அல்ல; ஒரு கதை தன் சொல்லைக் காப்பாற்றிற்றே என்ற நிறைவு.

ஏழு வருஷம் கழித்து அந்தச் சொல்லை விற்றுவிட்டார்கள். எட்டாம் பாகம் வந்து ஒன்பது மாதத்தில் ஹெய்ஹாச்சி வந்தான். ஏற்கெனவே விளையாட்டை முழு விலைக்கு வாங்கியவர்களும் அவனைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவன் எப்படிப் பிழைத்தான் என்று சொல்லும் அத்தியாயத்தை மட்டும் இனாமாகக் கொடுத்தார்கள். ஆசாமிக்கு விலை, கதை இனாம்! எதற்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

என் அக்காள் மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, சண்டை போடறதுக்குத்தான் இதை வாங்கறோம். கதையை யார் பார்க்கிறா?" என்றான். இந்தப் பதிலைப் பலர் சொல்லுகிறார்கள். யாருமே கதையைப் பார்க்கவில்லையானால், கம்பெனி ஏன் பாகத்துக்குப் பாகம் பணத்தைக் கொட்டிக் கதைக் காட்சிகளை எடுக்கிறது? 1998இல் ஜப்பானியக் கார்ட்டூன் படம், 2010இல் நடிகர்களை வைத்து ஒரு படம், 2011இல் மற்றொரு படம், 2022இல் நெட்ஃபிளிக்ஸில் ஆறு பகுதித் தொடர் என்று இத்தனையும் எதை நம்பி எடுத்தார்கள்? வெறும் குத்துக்கும் உதைக்கும் ஆயிரம் விளையாட்டுகள் இருக்கின்றன. அப்பனைக் கொல்லத் துடிக்கும் பிள்ளையின் முகத்தை விரும்பித்தான் ஜனங்கள் இந்தக் குத்தை வாங்குகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுப் பலமானது. "ஷெர்லக் ஹோம்ஸ் செத்துப் பிழைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கோனன் டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். 1901இல் பணமும் ரசிகர்களும் நெருக்கியபோது அவர் என்ன செய்தார்? ஹோம்ஸின் மரணத்துக்கு முன்னால் நடந்ததாக ஒரு நாவலை, பாஸ்கர்வில் வேட்டை நாயின் கதையை, எழுதினார். செத்தவன் செத்தவனாகவே இருந்தான். வாசகனுக்கும் விருந்து கிடைத்தது. 1903இல் தான் அவனை உயிரோடு கொண்டுவந்தார். அப்போதும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது: வாட்ஸன் ஹோம்ஸின் சடலத்தைப் பார்க்கவேயில்லை. ஹெய்ஹாச்சியின் சடலத்தையோ நாம் எல்லோரும் பார்த்தோம். அதை நெருப்பில் போட்டதையும் பார்த்தோம். டாயில் வாசகனின் ஊகத்தைத் திருத்தினார். இவர்கள் வாசகனின் கண்களையே பொய்யென்கிறார்கள்.

"ரசிகர்கள் கேட்டார்கள், கொடுத்தோம்" என்பது மூன்றாவது வாதம். என் தொடர்கதைகளுக்கும் கடிதங்கள் வருவதுண்டு. 'அந்தப் பெண்ணைக் கொன்றுவிடாதீர்கள்' என்று மன்றாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டால், அவர்களே அடுத்த வாரம் என்னை மதிக்க மாட்டார்கள். தவிர, ஹெய்ஹாச்சியாக இருந்து சண்டை போட வேண்டும் என்பது ஓர் ஆசை. ஹெய்ஹாச்சி சாகவில்லை என்று கதை சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம். முதலாவதைக் கொடுக்க இரண்டாவதைச் செய்யத் தேவையே இல்லை. இதை நிரூபித்தவர்களே இந்தக் கம்பெனிக்காரர்கள்தான்!

1999இல் 'டெக்கென் டேக் டோர்னமென்ட்' என்ற கிளை விளையாட்டை வெளியிட்டார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவது. செத்தவர், காணாமற்போனவர், பகையாளி எல்லோரும் அதிலே வந்தார்கள். மூலக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது வெளிப்படை. ஊர்த் திருவிழாவில் செத்துப்போன ராஜா வேஷம் கட்டி ஆடுவதில்லையா? அதைப் பார்த்து ராஜா பிழைத்துவிட்டான் என்று யாரும் நினைப்பதில்லை. 2011இல் இதன் இரண்டாம் பாகமும் வந்தது. கிளைகள் இப்படித்தான் இருக்க வேண்டும். 2012இல் காப்காம் கம்பெனி தன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பாத்திரங்களோடு டெக்கென்காரர்களை மோதவிட்டது. 2015இல் போக்கிமான் பிராணிகள் இதே பாணியில் குத்துவிட ஆரம்பித்தன. எனக்கு ஆட்சேபமே இல்லை. திருவிழாவில் எல்லாக் கடையும் இருக்கட்டும்.

திருவிழாக் கடையை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் நாசம். ஏழாம் பாகத்தில் காப்காமின் அக்கூமா என்ற பாத்திரத்தை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். சண்டைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தால் சரி. மூலக் கதைக்குள்ளேயே நுழைத்து, ஹெய்ஹாச்சியையும் கஸுயாவையும் கொல்லுவதாகக் கஸுமிக்கு வாக்குக் கொடுத்தவன் என்று எழுதினார்கள். கடைசியில் கஸுயாவும் அவனும் மோதுவதைக் காட்டி, முடிவு சொல்லாமல் திரையை இழுத்தார்கள். எட்டாம் பாகத்தின் கதையில் அந்த மனிதனைக் காணோம். கடன் வாங்கிய பாத்திரம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. கொடுத்த வாக்கு மட்டும் நடுத்தெருவில் நிற்கிறது.

இவர்களுக்குச் சாவை எழுதத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரியும், அதனால்தான் ஆத்திரம். சிறுத்தை முகமூடி அணிந்த கிங் என்ற மல்லன் இந்த விளையாட்டில் வருகிறான். அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்காகச் சண்டை போடுகிறவன். மெக்ஸிகோவில் ஒரு பாதிரியார் மெய்யாகவே முகமூடி போட்டு மல்யுத்தம் செய்து அநாதை இல்லம் நடத்தினார்; அவர் சாயல் இவனிடம் தெரியும். மூன்றாம் பாகத்துக்குள் கிங் கொல்லப்படுகிறான். அவன் வளர்த்த பையன் ஒருவன், இல்லம் மூடப்படாமலிருக்க அந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்ளுகிறான். முதலில் அவனுக்கு வித்தை போதவில்லை. செத்தவனின் நண்பன் ஆர்மர் கிங் வந்து கற்றுக்கொடுக்கிறான். ஆடுகிறவர்களுக்கு அதே முகமூடி, அதே பிடிகள் கிடைத்தன. கதையில் செத்தவன் செத்தவனாகவே இருந்தான். ஒரு சாவு, ஒரு கடமை, ஒரு வாரிசு! இதைவிட நன்றாக என்னால்கூட எழுத முடியாது.

நான்காம் பாகத்தில் அந்த ஆர்மர் கிங்கையும் மார்டக் என்ற முரடன் கொன்றான். பழி வாங்கப் போன இளைய கிங், ஆஸ்பத்திரியில் மார்டக் பெற்றோரோடு இருக்கும் படத்தைப் பார்த்து, கொல்லாமல் திரும்பினான். எவ்வளவு அழகு! ஆனால் பின்னால் வந்த பாகங்களில், செத்தவனின் தம்பி என்று சொல்லி இன்னோர் ஆர்மர் கிங்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். முகமூடிக்கு மவுசு இருந்தது. ஆகவே தம்பி பிறந்தான். எட்டாம் பாகத்தில் ஜூன் கஸாமாவும் திரும்பிவிட்டாள். இனி இந்தக் கதையில் யார் செத்தாலும் நான் கண் கலங்க மாட்டேன். 'எப்போது விற்பனைக்கு வருவான்?' என்றுதான் கேட்பேன். இப்படி ஒரு கேள்வியை வாசகன் மனசில் விதைப்பதைவிடக் கதாசிரியனுக்குத் தற்கொலை வேறு உண்டா?

ஒரு சமாசாரத்தை மட்டும் கம்பெனியால் மாற்ற முடியவில்லை. ஹெய்ஹாச்சிக்குப் பல வருஷம் குரல் கொடுத்த டைஸுகே கோரி, 2010 ஜனவரியில் காலமானார். அவருக்குப் பின் குரல் கொடுத்த உன்ஷோ இஷிஸுகா 2018 ஆகஸ்டில் காலமானார். ஏழாம் பாகத்தில் ஹெய்ஹாச்சி சாகும்போது பேசிய ஜப்பானியக் குரல் அவருடையதுதான். இரண்டு மனிதர்கள் போய்விட்டார்கள்; அவர்களை எந்த அத்தியாயமும் திரும்பக் கொண்டுவராது. அவர்களுடைய தொண்டையில் வாழ்ந்த பொம்மை மட்டும் வேறொருவர் குரலில் சிரிக்கிறது.

கதை என்பது எதற்காக ஏற்பட்டது? செய்த காரியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்பதை, உயிர்ச்சேதம் இல்லாமல் கற்றுக்கொள்ளத்தான். பிள்ளையைப் பள்ளத்தில் எறிந்தவனுக்கு அந்த எறிதல் முடிவில்லாத கணக்கு. அதைச் சாவினால் மட்டுமே அடைக்க முடியும் என்று ஏழு பாகங்கள் சொல்லிவிட்டு, எட்டாவதில் 'கணக்கே இல்லை, கடைதான் உண்டு' என்று சொன்னால், அது வாசகனுக்குக் காட்டும் தாராளம் அல்ல. அவனைப் பற்றி வைத்திருக்கும் கேவலமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்குத் தான் உரியவனல்ல என்று சொல்லும் உரிமை காசு கொடுக்கிறவனுக்கு உண்டு. ஹெய்ஹாச்சியோடு மோத ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக மோதட்டும். அதற்கென்று 'டேக்' விளையாட்டின் மூன்றாம் பாகத்தைக் கேட்டு வாங்கட்டும். மூலக் கதையில் அவனுக்கு ஒரே இடம்தான் உண்டு. 2017இல் அவன் மகன் அவனைப் போட்ட இடம்.