பதவி போனது, சட்டம் நின்றது

அமெரிக்க மாநில அரசியலில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பேச்செடுத்தால் ஓர் எச்சரிக்கை தவறாமல் வந்துவிடும்: அதில் கை வைத்தால் பதவி போய்விடும். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது கொலராடோ. 2013 செப்டம்பர் 10 அன்று அம்மாநில செனட்டின் தலைவர் ஜான் மோர்ஸையும், உறுப்பினர் ஏஞ்சலா கிரோனையும் பதவிக்காலம் முடிவதற்குள்ளேயே வாக்காளர்கள் நீக்கினார்கள். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். துப்பாக்கிச் சட்டங்களுக்குத் துணை நின்றதுதான் அவர்கள் மீது சொல்லப்பட்ட குறை. அந்த மாநிலத்தில் அதற்கு முன் எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் இப்படி நீக்கப்பட்டதில்லை.

எச்சரிக்கை பொய்யல்ல. ஆனால் பாதியில் நிறுத்திச் சொல்லப்படும் கதை அது.

முதலில், சட்டங்கள் என்ன என்று பார்ப்போம். 2012 ஜூலை 20 அன்று கொலராடோவின் அரோரா நகரத் திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். வாஷிங்டனில் தேசிய அளவிலான சட்டம் இழுபட்டுக்கொண்டே போய், 2013 ஏப்ரலில் செனட்டில் 54 பேர் ஆதரித்தும் தேவையான 60 கிடைக்காமல் விழுந்தது. கொலராடோ அதற்கு முன்பே முந்திக்கொண்டது. ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் மார்ச் 20 அன்று மூன்று சட்டங்களில் கையெழுத்திட்டார். தோட்டாக்களை அடைக்கும் மேகஸின் 15 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளுமானால் அதை இனி விற்கக் கூடாது என்றது ஒன்று. தனிநபர் தனிநபருக்கு விற்றாலும் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றது இன்னொன்று. அந்தச் சோதனைக்கான கட்டணத்தை வாங்குபவரே செலுத்த வேண்டும் என்றது மூன்றாவது.

இரண்டாவது சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் பின்னணி சோதனை ஏற்கெனவே கட்டாயமாக இருந்தது. தனிநபரிடம் வாங்கினால் அப்போது அது இல்லை. 1999-இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் சுட்ட இரு மாணவர்களுக்கும் வயதில் மூத்த தோழி ஒருவர் துப்பாக்கிக் கண்காட்சியில் தனிநபர்களிடம்தான் துப்பாக்கிகளை வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு, கண்காட்சிகளில் அந்த ஓட்டையை அடைக்கும் தீர்மானம் நேரடியாக மக்கள் வாக்குக்கு வந்தபோது சுமார் 70 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அப்படிப்பட்ட மாநிலம், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஓட்டையின் மிச்சத்தை அடைத்தவர்களை ஏன் தண்டித்தது?

எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்டுவிடுவது நியாயம். கொலராடோ என்றால் தலைநகர் டென்வர் மட்டுமல்ல. கால்நடைப் பண்ணைகளும் மலைக் கிராமங்களும் கொண்ட கவுன்டிகளில் (மாவட்டங்களில்), அழைத்தால் போலீஸ் வந்து சேரவே நேரமாகும். துப்பாக்கி அங்கே வீட்டுச் சாமான்களில் ஒன்று. மேகஸின் சட்டம் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு அளித்தது. ஒரு மேகஸின் சட்டத்துக்கு முன் வாங்கப்பட்டதா, பின் வாங்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கவுன்டிகளின் காவல் தலைவர்களான ஷெரீஃப்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். தேர்ந்தெடுக்கப்பட்ட 62 ஷெரீஃப்களில் 55 பேர் சட்டங்களை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்; சிலர் அமல்படுத்தவே மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். மேகஸின் தயாரிக்கும் மேக்புல் நிறுவனம் வயோமிங்குக்கும் டெக்சாஸுக்கும் இடம்பெயர்ந்தது. இரு அவைகளிலும் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட இந்தச் சட்டங்களை ஆதரிக்கவில்லை. கருத்துக் கணிப்புகளிலும் ஒரு விசித்திரம் தெரிந்தது: பின்னணி சோதனை வேண்டுமா என்று தனியாகக் கேட்டால் பெரும்பான்மை ஆதரவு, புதிய துப்பாக்கிச் சட்டங்கள் என்று மொத்தமாகக் கேட்டால் எதிர்ப்பே மிகுதி.

இனி, பதவி நீக்கம் நடந்த விதம். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை நம் சட்டமன்றங்களில் இல்லை. கொலராடோவின் அரசமைப்பில் அது 1912 முதல் இருக்கிறது. முந்தைய தேர்தலில் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்குகளில் கால்பங்குக்குச் சமமான கையெழுத்துகள் சேர்ந்தால் போதும், வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஊழலோ குற்றமோ நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் மோர்ஸின் தொகுதிக்குத் தேவைப்பட்டவை 7,178 கையெழுத்துகள்.

அப்போதே கொலராடோ மக்களில் பெரும்பாலோர் தபாலில் வாக்களிப்பவர்கள். எல்லோருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்ப அதே ஆண்டு இதே சட்டமன்றம் சட்டமும் இயற்றியிருந்தது. ஆனால் நீக்க வாக்கெடுப்பில் மாற்று வேட்பாளர்கள் 15 நாள் முன்புவரை மனு தாக்கல் செய்யலாம் என்கிறது பழைய அரசமைப்பு விதி. லிபர்டேரியன் கட்சி அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டது, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அவ்வளவு தாமதமாக வேட்பாளர் பட்டியல் முடிவானால் சீட்டை அச்சடித்து வீடுகளுக்கு அனுப்ப நேரமில்லை. ஆகவே வாக்களிக்க விரும்புகிறவர் சாவடி தேடிப் போக வேண்டியதாயிற்று, அதுவும் வேறு எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு செப்டம்பர் மாதத்தில். மோர்ஸின் தொகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் போனார். மோர்ஸ் தோற்றது 319 வாக்குகளில். முந்தைய தேர்தலில் அவர் ஜெயித்ததும் சில நூறு வாக்குகளில்தான்.

இதைத் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பணபலம் என்று சொல்லி முடிப்பது பலருக்கு வசதியாக இருந்தது. அந்தச் சங்கம் செலவழித்தது உண்மை. ஆனால் நீக்கத்தை எதிர்த்த தரப்பு அதைவிடப் பல மடங்கு செலவழித்தது. நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மட்டும் 3,50,000 டாலர் கொடுத்தார். வெளியூர்க் கோடீஸ்வரரின் காசோலை உள்ளூரில் எரிச்சலைத்தான் கிளப்பியது. கையெழுத்துக்காக வீடு வீடாக நடந்த கால்கள் அந்தக் காசோலையை வென்றன.

இருந்தாலும், எல்லாவற்றையும் குறைந்த வாக்குப்பதிவின் தலையில் கட்டிவிட முடியாது. கிரோனின் பியூப்லோ, எஃகு ஆலைத் தொழிலாளர்களின் ஊர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நிறைந்த, தலைமுறைகளாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவந்த ஊர். அங்கே வாக்குப்பதிவும் கூடுதல், தோல்வியும் பெரிது: 56 சதவீதம் பேர் அவரை நீக்கச் சொன்னார்கள். வேட்டைக்குப் போகும் தொழிற்சங்கக்காரர் ஒருவருக்குக் கட்சி ஒரு பக்கமும் துப்பாக்கி மறுபக்கமும் நின்றபோது, அவர் துப்பாக்கியின் பக்கம் போனார். தங்கள் வீட்டு வாக்காளர்களையே கட்சி புரிந்துவைத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அடுத்து ஈவி ஹுடக் என்ற மூன்றாவது செனட்டரை நீக்கக் கையெழுத்து வேட்டை தொடங்கியது. வாக்கெடுப்பில் தோற்றால் இடமும் போகும், செனட்டில் பெரும்பான்மையும் போகும். 20-க்கு 15 என்றிருந்த பலம் ஏற்கெனவே 18-க்கு 17 ஆகியிருந்தது. நவம்பரில் அவரே ராஜினாமா செய்தார். விதிப்படி அவர் கட்சியே மாற்று உறுப்பினரை நியமித்துக்கொண்டது. கணக்குப் பார்த்துச் செய்த விலகல்தான், ஆனால் பதவியைவிடச் சட்டம் பெரிது என்று நினைத்த கணக்கு.

நீக்க வாக்கெடுப்பு முடிந்து பதினான்கு மாதம் கழித்து நடந்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை. 2014 நவம்பர் பொதுத்தேர்தலில் மோர்ஸ், கிரோன் இருவரின் தொகுதிகளும் ஜனநாயகக் கட்சிக்கே திரும்பின. எல்லோரும் வாக்களித்தபோது முடிவு மாறியது. ஆனால் ஹுடக் விட்டுப்போன தொகுதி அதே தேர்தலில் கைமாறி, செனட் ஓரிட வித்தியாசத்தில் குடியரசுக் கட்சி வசமானது. வழக்குப் போட்ட ஷெரீஃப்களில் முன்னணியில் நின்ற வெல்ட் கவுன்டியின் ஜான் குக்கும் அந்த முறை செனட்டரானார். சட்டங்களை ரத்து செய்யும் மசோதாக்கள் செனட்டில் நிறைவேறின. கீழவையில் ஜனநாயகக் கட்சி அவற்றை மடக்கியது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் மேகஸின் வரம்பு செல்லும் என்றது. நீக்கியவர்களின் குறி சட்டமாக இருந்தால், அது தப்பிவிட்டது.

மெய்யாகவே நடந்த சேதம் பயம்தான். அடுத்த சில ஆண்டுகள் கொலராடோவில் புதிய துப்பாக்கிச் சட்டத்துக்கு யாரும் துணியவில்லை. அந்தப் பயம் தெளிந்தது 2018-இல். அரோரா திரையரங்கில், தன் 27-ஆம் பிறந்தநாளில் கொல்லப்பட்ட அலெக்ஸின் தந்தை டாம் சல்லிவன் அந்த ஆண்டு கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தோற்கடித்த கோல் விஸ்ட் குடியரசுக் கட்சிக்காரர். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கிவைக்கும் மசோதாவைத் தாமே முன்மொழிந்து, சொந்தப் பக்கத்துத் துப்பாக்கி ஆர்வலர்களின் கோபத்துக்கு ஆளானவர். ஆக, அடி ஒரு கட்சிக்கு மட்டும் விழுவதில்லை. 2019-இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. சல்லிவனை நீக்கவும் மனு கிளம்பியது. சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது.

இந்த மாற்றத்துக்குத் துப்பாக்கி ஒன்றையே காரணமாகச் சொல்வதும் தவறு. டென்வரின் புறநகர்களில் படித்த இளைஞர்கள் குடியேறியதும், டிரம்ப் காலத்தில் அந்தப் பகுதிகள் குடியரசுக் கட்சியைக் கைவிட்டதும் சேர்ந்துதான் களத்தை மாற்றின. மாறிய களத்தில் சட்டமன்றம் வேகமெடுத்தது. 2023-இல் வாங்கும் வயது 21 ஆனது. வாங்கிய துப்பாக்கி கைக்கு வர மூன்று நாள் காத்திருப்பும் வந்தது. 2024-இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 6.5 சதவீத வரியை வாக்காளர்களே ஏற்றார்கள்.

2025 ஏப்ரலில் கையெழுத்தான சட்டத்துக்கு செனட்டில் முன்னின்றவர்களில் சல்லிவனும் ஒருவர். அதற்குள் அவர் செனட்டராகியிருந்தார். கழற்றி மாட்டும் மேகஸின் கொண்ட, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பலவற்றின் விற்பனையைத் தடுப்பதே மசோதாவின் முதல் வடிவம். ஆளுநர் ஜாரெட் போலிஸ் அதற்கு இணங்கவில்லை. கடைசியில் பயிற்சி முடித்தவர் வாங்கலாம் என்று தளர்ந்தது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஆகஸ்ட் 1. பயிற்சிக்குச் சேரும் முன் விண்ணப்பதாரரைச் சோதித்துத் தகுதி அட்டை தர வேண்டியவர் அந்தந்த கவுன்டியின் ஷெரீஃப். பல ஊர்களில் அந்த ஷெரீஃபுக்கே இந்தச் சட்டம் பிடிக்காது. அதே ஆண்டு நவம்பரில் ஷெரீஃப் பதவிகளுக்கும் தேர்தல்.