மெருகேற்றிக் கெடுத்த பொற்கடிகாரம்

தபால் முத்திரை சேகரிப்போரையும் நாணயம் சேகரிப்போரையும் வாசகர்கள் அறிவார்கள். பழைய பொற்கைக்கடிகாரங்களைத் தேடித் திரிவோர் அவர்களினும் சிறு தொகையினர். ஆயினும் இவர்தம் பித்து எவர் பித்துக்கும் இளைத்ததன்று.

இவர்கள் பெரிதும் நாடுவன, 1940-ம் ஆண்டு முதல் இருபது இருபத்தைந்து வருட காலத்துட் சுவிற்சர்லாந்திற் செய்யப்பட்டவையே. ஜெனீவா நகரத்துப் பற்றெக் பிலிப் நிறுவனத்தார் 1941-ம் ஆண்டில் வெளியிட்ட 1518-ம் இலக்கக் கடிகாரம் அவற்றுள் தலையாயது. தேதி, கிழமை, மாதம், சந்திரனின் வளர்வு தேய்வு யாவும் காட்டி, லீப்பு வருடத்தையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும் அற்புதப் பொறி அது. செய்யப்பட்டவை 281 மாத்திரமே. அவற்றுள் ஏறக்குறைய எல்லாம் பொன். துருவேறா உருக்கில் அமைந்தவை நான்கே அறியப்பட்டுள்ளன. 2016-ம் ஆண்டில் ஜெனீவாவில் ஏலம் போன உருக்குக் கடிகாரம் ஒன்று, ஒரு கோடியே பத்து இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைப்பட்டது! சேகரிப்போர் பொன்னை நிறுத்து விலை பேசுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

நிறுத்து விலை பேசியோரும் இருந்தனர். 1969-ம் ஆண்டு இறுதியில் யப்பானிய ‘குவாட்ஸ்’ கைக்கடிகாரம் கடைக்கு வந்தபின், சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்கள் மதிப்பிழந்தன. 1980-ம் ஆண்டு தை மாதத்திற் பொன்விலை அவுன்சுக்கு 850 டொலரை எட்டியது. அந்நாளிற் பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டை மாத்திரம் உருக்கியோர் பலர். எஞ்சியவை இன்று அருமையாயின.

எஞ்சியவற்றுக்கும் ஒரு பகை உண்டு; அது மெருகு. தேய்க்குந்தோறும் பொன் சிறிது கரையும். கூரிய விளிம்புகள் மழுங்கும். பதினெட்டுக் கரட் பொன்னுக்கு அடையாளமாகச் சுவிற்சர்லாந்தார் 1995-ம் ஆண்டு வரை பொறித்துவந்த பெண்தலை முத்திரையும், பதினான்கு கரட்டுக்குரிய அணில் முத்திரையும் கடுகளவினவே. அவை மறைந்தாற் கடிகாரத்தின் சாட்சியே மறைந்தது போலாம்.

என் நண்பர் ஒருவரின் தந்தையார் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபோது, உடன் ஊழியர் கூடி அவருக்கு ஒரு பொற்கடிகாரம் அளித்தனர். பின்மூடியில் அவர் பெயரும் சேவை செய்த ஆண்டுகளும் நுண்ணெழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. தந்தையார் காலமானபின், தங்கையின் விவாகத்துக்குக் கட்டிச் செல்ல விரும்பிய நண்பர், அதனைப் புதுக்கித் தரும்படி ஒரு கடையிற் கொடுத்தார். அவர்களும் வஞ்சகமின்றி உழைத்தார்கள்! பழுப்பேறிய முகப்புக்குப் புதுவர்ணம் பூசினர். கூட்டைக் கண்ணாடிபோல் மினுக்கினர். பின்மூடியைத் திருப்பிய நண்பர் கண்டது வெறும் பொன் தகடு. விலை குறைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. எழுத்துப் போனதைத்தான் இன்றும் சொல்லி வருந்துகிறார்.

ஆதலின், தாத்தாவின் கடிகாரம் அலுமாரியில் உறங்குமாயின், மென்றுணியால் துடைத்து வையுங்கள், அதுவே போதும். பொறியைச் சுத்தஞ்செய்து எண்ணெயிடுவிக்கலாம். கூட்டையும் முகப்பையும் தொடவேண்டாமென்று முன்னரே சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை: அக்காலக் கடிகாரங்கள் சிலவற்றில், இருளில் ஒளிரும்படி முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இட்டிருப்பார்கள். ஒளி மங்கினும் ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கு 1,600 ஆண்டுகள் செல்லும். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.