கடலைக் காக்கும் உத்தியோகம்: வாயில் யாருக்குத் திறக்கிறது?

சென்ற சில ஆண்டுகளாக நமது வாலிபர்களிடையே ஒரு புதிய ஆர்வம் தோன்றியிருக்கிறது. கடலையும் கழிமுகத்தையும் காட்டையும் அழிவினின்று காக்கும் வேலையையே தமது வாழ்நாள் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. இது மிகவும் மகிழத்தக்க விஷயமே. ஆனால் அந்த ஆர்வத்தோடு வாயிலில் வந்து நிற்கும் வாலிபனை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதைத் தேசநலம் கருதுவோர் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையையும் அதை அடுத்த கரைகளையும் நோக்கி நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு விட நீர்மட்டத்திற்கு வரவேண்டிய அந்தப் பிராணிகள் இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறி மாண்டன என்பதே அறிந்தோர் கருத்து. ஆமைகள் முட்டையிடும் காலத்தில் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காவலுள்ள குழிகளிலே சேர்த்து, செத்தவற்றை எண்ணிக் கணக்கெழுதும் தொண்டை 1988 முதல் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தார் செய்து வருகின்றனர். கூலி கருதாத அத்தொண்டை நாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் ஒரு கேள்வி எழாமற் போகாது. அந்த மாணவன் படிப்பை முடித்த பின் இதே வேலையைச் செய்து ஜீவனம் நடத்த முடியுமா? அவன் தகப்பனார் மாதந்தோறும் பணம் அனுப்பக்கூடியவராக இல்லாவிட்டால் அவன் கதி என்ன?

வேலைக்குப் பஞ்சமில்லை. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் 1986-ல் சர்க்கார் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2022-ல் பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கென ஒதுக்கினார்கள். இத்தகைய காப்பகம் இந்தியாவில் இதுவே முதலாவது. இவ்வளவு நீர்ப்பரப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் மட்டும் அது காக்கப்பட்டதாகிவிடாது. பவழப்பாறை வெளுக்கிறதா, கடற்புல் வளர்கிறதா, தீவின் கரை கரைகிறதா என்று ஆண்டு முழுதும் நீரில் இறங்கிப் பார்க்க ஆட்கள் வேண்டும். அந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரிதும் சுருங்கிப் போக, அதைச் சுற்றிச் செயற்கைப் பார்களை இறக்கி அலையின் வேகத்தைத் தணிக்க வேண்டியதாயிற்று.

வேலை இவ்வளவிருக்க, அதற்குள் நுழையும் வாயிலோ மிகக் குறுகலாயிருக்கிறது. கீழ்நிலைப் பதவிக்குக் கூட இரண்டாண்டு அநுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். அநுபவம் எங்கே கிடைக்கும்? சம்பளமில்லாமல் ஆறு மாதமோ ஓராண்டோ உழைத்தால் கிடைக்கும். பவழப்பாறையைக் காக்க வரும் வாலிபரிடமிருந்தே வாரத்திற்கு இவ்வளவென்று கட்டணம் வாங்கும் வழக்கமும் வெளிநாடுகளில் இருக்கிறது. முக்குளிப்புப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்குவதற்கே பல ஆயிரம் ரூபாய் செலவாகும். இவற்றையெல்லாம் கடந்து ஒரு திட்டத்தில் உதவியாளனாகச் சேர்ந்தாலும், திட்டத்தின் பணம் தீர்ந்த அன்றே உத்தியோகமும் தீர்ந்துபோகிறது. ஆக, இந்த வாயிலில் காவல் நிற்பது பணமே என்று சொன்னால் அது மிகையாகாது.

“தொண்டு செய்ய வருபவன் சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா? தியாகம் இன்றி எந்தப் பெருங்காரியம் நடந்தது?” என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் சதீஷ் பாஸ்கரை எடுத்துக் காட்டுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிப்பை விட்டு வெளியேறி, கடலாமைகளைத் தேடி இந்தியக் கரைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக நடந்தவர் அவர். 1982-ல் மழைக்காலத்தில் இலட்சத்தீவைச் சேர்ந்த ஆளற்ற தீவொன்றில் பல மாதங்கள் தன்னந்தனியே தங்கி ஆமைகளைக் கண்காணித்தார். 2023-ல் அவர் காலமாகும் வரை இத்துறையினர் அவரை ஆசானாகவே மதித்தனர். இப்படிப்பட்டவரை நாம் வணங்குகிறோம். ஆனால் அவருக்குப் பின்னாலும் சென்னைப் பாம்புப் பண்ணை போன்ற ஸ்தாபனங்கள் நின்று, அவரைக் கள அலுவலராக அமர்த்திப் பயணத்திற்கு வழி செய்தன என்பதை மறக்கலாகாது. அன்றியும், அருமையான ஒரு மனிதர் தாமாக மேற்கொண்ட தவத்தை ஏழை வாலிபர் அனைவர் மீதும் விதியாகச் சுமத்துவது எந்த நியாயம்? தியாகம் தானாக மலரவேண்டும்; விண்ணப்பப் படிவத்தில் நிபந்தனையாக அச்சடிக்கப்பட்டால் அதற்குத் தியாகம் என்று பெயரில்லை.

இந்த ஏற்பாட்டினால் விளையும் பெருந்தீங்கு வேறொன்று. கடலை நன்கறிந்தவர்களே வெளியில் நிறுத்தப்படுகிறார்கள். வாடைக்கும் கச்சானுக்கும் நீரோட்டம் எப்படித் திரும்பும், எந்தப் பாரில் எந்த மீன் எப்பொழுது வந்து சேரும் என்பதைப் பத்து வயதிலேயே அறிந்துகொள்கிற பரதவர் குலத்துப் பிள்ளை, கல்லூரியில் கடலைக் கண்டவனுக்கு எவ்விதத்தில் குறைந்தவன்? கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் சங்கு குளிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி நீரில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். தேசியப் பூங்கா அமைந்த பின் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த தீவுகளுக்குச் செல்வது குற்றமாயிற்று. 2001-ல் கடலட்டை பிடிப்பது தடுக்கப்பட்டபொழுது பல குடும்பங்களின் வருமானம் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆயினும் தடுக்கும் கையை மட்டுமே கண்டு, சம்பளம் கொடுக்கும் கையைக் காணாத மக்கள், பாதுகாப்பு என்ற சொல்லையே பகையாக எண்ணுவதில் வியப்பென்ன?

அம்மக்களுக்குக் கடலின் மீது அக்கறையில்லை என்று சொல்வோரும் உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி என்ற அம்மையாருக்கு 2015-ல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி என்னும் ஸ்தாபனம் தனது பரிசை வழங்கிற்று. பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காக வாதாடியதோடு, மாதத்தில் சில நாட்களே பாசி எடுப்பது, பவழப்பாறைக்கு ஊறு செய்யாதிருப்பது என்ற கட்டுப்பாட்டைத் தங்களுக்குள்ளே கொண்ட பெண்களின் தலைவியாக அவர் நின்றார். பாக் நீரிணையிலோ, வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களுக்குச் சன்மானம் வழங்கும் ஏற்பாடு நற்பயன் தந்திருக்கிறது. தங்களுக்குப் பங்கும் மதிப்பும் உண்டென்று கண்ட இடத்தில் கடலோர மக்கள் காவலராகவே நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி, இத்துறையில் புக விரும்பும் வாலிபருக்குச் சில வார்த்தை கூறுவோம். பட்டமே கதியென்று எண்ணவேண்டாம். பட்டம் வேண்டாமென்றும் எண்ணவேண்டாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்திலும் முறையான கல்வி கிடைக்கும். படிக்கும் காலத்திலேயே நீந்தவும் படகில் தங்கவும் பழகவேண்டும். ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒதுங்குவனவற்றை நாள், இடம், அளவோடு ஓராண்டு எழுதி வைத்தவனிடம் ஒரு சான்றிதழுக்கு மேற்பட்ட யோக்கியதை இருக்கிறது. கணக்கியலும் கணிப்பொறியில் நிலப்படம் வரையும் வித்தையும் அவசியம். மீனவரிடம் பணிவோடு பேசி அவர் சொல்வதைக் கேட்டெழுதும் பழக்கம் அதனினும் அவசியம். 1947-ல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சென்னையிலுள்ள தேசியக் கடலோர மேலாண்மை மையம் முதலியன அவ்வப்பொழுது வெளியிடும் திட்ட உதவியாளர் அறிவிப்புகளைக் கவனித்து வரவேண்டும். மீன்வளத்துறைச் சார் ஆய்வாளர், வனத்தொழில் பழகுநர் ஆகிய பதவிகளுக்கான தேர்வுகளும் ஏழை வாலிபனுக்கு உறுதியான வழிகளே. சம்பளமின்றி நெடுங்காலம் உழைக்கச் சொல்லும் இடத்தில், எத்தனை மாதம், என்ன பயிற்சி, முடிவில் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சர்க்காருக்கும் ஸ்தாபனங்களுக்கும் நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, பயிற்சிக் காலத்திற்கு உணவுக்கும் தங்குவதற்கும் போதிய உதவித்தொகை கொடுத்தே தீரவேண்டும். ஒரு திட்டத்திற்குப் படகும் கருவியும் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் பழகுநனின் சோற்றுக்கு ஒதுக்க முடியாதென்பது பொருந்தாது. பட்டதாரிகளை மாத ஊதியத்தோடு மாவட்டங்களில் அமர்த்தும் முதலமைச்சரின் பசுமைத் திட்டம் நல்ல தொடக்கம். பட்டம் பெறாத கடலோர வாலிபருக்கும் அதுபோன்றதொரு படி வேண்டும். இரண்டாவது, முக்குளிப்பிலும் படகு ஓட்டுவதிலும் உயிரினங்களை அடையாளம் காண்பதிலும் நேரில் சோதித்து, தேர்ந்தவருக்கு அதையே தகுதியாக ஏற்கவேண்டும். மூன்றாவது, தினக்கூலிக்கும் ஒப்பந்தத்திற்கும் ஆள் வைத்துப் பருவம் முடிந்ததும் அனுப்பிவிடும் வழக்கம் ஒழியவேண்டும். பவழம் விரலளவு வளரவே ஆண்டுக்கணக்காகும். அதைக் கவனிப்பவனை ஆறு மாதத்திற்கொருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு யாருக்குப் பிரயோஜனப்படும்?

கடற்கரை ஊர்களில் உழைக்கும் அரசியல் தொண்டர்களையும் கேட்டுக்கொள்கிறோம். துறைமுகம், சாலை, மானியம் ஆகியவற்றுக்காக மனுக் கொடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு காப்பகத்திலும் உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் எந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். சட்டசபையில் அங்கத்தினர்களைக் கொண்டு அக்கேள்வியை எழுப்பச் செய்யுங்கள். தன் பிள்ளை காவலனாகச் சம்பளம் பெறும் கடலை எந்தத் தாயும் கொள்ளையடிக்க விடமாட்டாள். தனவந்தர் மட்டும் நுழையக்கூடிய வாயிலை வைத்துக்கொண்டு பொதுச்சொத்தாகிய கடலைக் காத்துவிடலாமென்று நாம் நம்பியிருந்தால், தீவுகள் ஒவ்வொன்றாய் மறைவதை எண்ணி எழுதுவதற்கும் ஆளிருக்காது.