ஐப்பசியில் ஒரு மலைச் சுற்று

ஜவ்வாது மலையைப் பார்ப்பதென்றால் ஐப்பசியில்தான் பார்க்க வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. ஜமுனாமரத்தூரில் அரசாங்கம் நடத்துவது கோடை விழா. மலை என்றாலே கோடைக்கு என்று நம் ஜனங்களும் பழகிவிட்டார்கள். ஊட்டிக்கு அது சரி. இது எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயரத்தில் ஊர்கள் இருக்கும் மலை. காடும் வேறு வகை. மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி மரங்கள் மொட்டையாக நிற்கும். கோடையில் பீமன் அருவிக்குப் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். குளிர்நாடுகளில் அக்டோபரில் இலைகள் பழுத்துச் சிவக்க, அதைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்புகிறார்கள். நம் மலைக்கு அதே அக்டோபர்தான் பச்சை. ஆவணி, புரட்டாசி மழையில் ஊறிய மண்மேல் வடகிழக்கு மழையும் இறங்கும் நேரம் அது.

"மழ நேரத்துல மலைக்கு இன்னாத்துக்குப் போறீங்க?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. இதற்குத்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. மேற்கே நிமிர்ந்து பார்த்தாலே மலை தெரியும். வேலூர்க்காரர்கள் வழக்கமாக அமிர்தி வரைக்கும் போய், 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்காவில் பிள்ளைகளுக்கு மானும் மயிலும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது மலையை முழுசாகச் சுற்றி வருவது. கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் வரை அடிவாரத்தோடு போய், அங்கிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏற வேண்டும். இறங்குவது காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு. பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மறுபடி கணியம்பாடி. விடியலில் கிளம்பினால் இரவுக்குள் வீடு.

புறப்பட்டதுமே பார்க்க வேண்டியது நாகநதி. அமிர்திப் பக்கத்து மலையிலிருந்து வரும் ஆறு. பல வருடம் வெறும் மணலாகக் கிடந்தது. கணியம்பாடி ஒன்றியத்துப் பெண்கள் நூறுநாள் வேலைத் திட்டத்தில் அதை மீட்டார்கள். வாழும் கலை அமைப்பினர் வழிகாட்ட, சரிவுகளில் ஓடும் நீரின் வேகத்தை மட்டுப்படுத்தக் கல் தடுப்புகள் கட்டினார்கள். கீழே குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பும் கிணறுகள் அமைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசினார். ஐப்பசியில் நாகநதியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு நினைவு வருவது அந்தப் பெண்கள்தான். மண்வெட்டி பிடித்துக் காப்புக் காய்ச்சிய கைகள் அவை.

சந்தவாசலிலிருந்து பிரிந்தால் படவேடு. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ரேணுகாம்பாள் கோயில். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரைமீது படையெடுக்கும் முன்பு இவர்களைத்தான் வென்றான். ஆடி வெள்ளியில் நிற்க இடம் கிடைக்காது, ஐப்பசியில் நிம்மதியாகக் கும்பிடலாம். போளூரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்திமூர் தாண்டி ஏற ஆரம்பித்ததும் காற்றே மாறிவிடும். ஜன்னலை இறக்கிவிட வேண்டும். நனைந்த புல்லும் மண்ணும் சேர்ந்த வாசனை அடிக்கும். வளைவுகளில் சீதாப்பழத்தைக் குவியலாக வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மலையின் சீதாப்பழத்துக்கு உள்ள இனிப்பைச் சந்தையில் வாங்கும் பழத்தில் நான் கண்டதில்லை. போன வாரம் ஓர் அம்மாவிடம் பழத்துக்கு நடுவே பேச்சுக் கொடுத்தேன். சாமை எப்படி என்று கேட்டதற்கு, "கதிரு வந்திருக்குதுண்ணா, அறுக்கிற நேரத்துல மழ வராம இருக்கணும்" என்றார். நாம் ரசிக்க வந்த அதே மழையை அவர் பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏறியதாகச் சொல்வார்கள். சாமையும் தினையும் அவர்களுக்கு இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. நகரத்துக் கடைகளில் சிறுதானியத்துக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியும். விளைவித்தவர் கைக்கு அதில் எவ்வளவு வருகிறது என்பதை ஜமுனாமரத்தூரில் விசாரித்துப் பாருங்கள், மனசு கனத்துவிடும்.

ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரியில் படகு உண்டு. எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என் மனம் காவலூருக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

காவலூரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. வைணு பாப்பு என்ற வானியலாளர் வானாய்வகத்துக்காக ஊர் ஊராக இடம் தேடித் தேர்ந்தெடுத்த காடு இது. நகர வெளிச்சம் இல்லாத இருட்டு, ஆண்டில் பல மாதம் தெளிந்த வானம், தென்வானத்தையும் நன்றாகப் பார்க்க வசதியாக நிலநடுக்கோட்டுக்கு அருகாமை. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை அந்த ஆண்டே அது பிடித்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நிகழ்வை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. அது முடிவதற்குள் பாப்பு 1982-இல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். ஐப்பசியில் மேகம் மூடிக்கிடக்கும், நட்சத்திரம் பார்க்கத் தை பிறக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வெள்ளைக் கூரையை மழையில் பார்த்துவிட்டு வருவதே எனக்கு நிறைவு. ஒரு வேண்டுகோள்: இரவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டி விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். வானியலாளர்களுக்கு இருட்டுதான் கருவி.

ஆலங்காயத்தில் இறங்கி நெடுஞ்சாலைக்கு வந்தால் ஆம்பூரில் பிரியாணி. அதைப் பற்றி நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போது வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். அணைக்கட்டுப் பக்கத்து மலைகள் அவை, ஜவ்வாது தொடரின் இன்னொரு முகம். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, அல்லேரி எல்லாம் அங்கேதான். 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர முடியவில்லை, வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பியபோது ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தார். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் அடுக்கம்பாறை, கணியம்பாடிக்குப் பக்கத்து ஊர். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

அருவிக்குத் தார்ச்சாலை இருக்கிறது, படகுத்துறைக்கு இருக்கிறது. காட்டை வெட்டிச் சாலை போடுவதில் சட்டச் சிக்கல் உண்டு என்பதும், வனத்துறைக்கு அதில் கவலை இருப்பதும் எனக்குப் புரிகிறது. காடு எனக்கும் வேண்டும். ஆனால் நம் காருக்குக் கிடைத்த அனுமதி ஒரு பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் கிடைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கக் கூடாது. இதே ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பெற்ற ஓரிரு நாளிலேயே காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். 2024 பிப்ரவரியில் நாடே அவரைக் கொண்டாடியது. அந்தப் பெண்ணின் மன உறுதிக்குத் தலை வணங்குகிறேன். கூடவே, அன்று அந்தக் கார் போக ஒரு சாலை இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மழை நின்றதும் கிளம்புங்கள். குடை, டார்ச், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாமையும் தேனும் மலைக்காரர்களிடமே, கேட்ட விலைக்கு வாங்குங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மலைப்பாதையின் வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னால் பேருந்தோ 108 வண்டியோ வந்தால் ஒதுங்கி முதலில் அதைப் போகவிடுங்கள்.