மொழியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாமா, ஏஜென்டா?

பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்று சொல்லி மறுத்தார்கள். அதனால் இரண்டாம் மொழியாகப் பாரசீகத்தைப் படித்தார். அதே அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் எடுத்த பாடங்களில் பெரும்பாலானவை பொருளாதாரமும் வரலாறும். அவற்றோடு தொடக்கநிலை பிரெஞ்சு ஒன்று, தொடக்கநிலை ஜெர்மன் ஒன்று. 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவும் செய்துகொண்டார். பம்பாயில் கிடைக்காத மொழித் தேர்வு உரிமை அவருக்குக் கடல் கடந்துதான் கிடைத்தது.

"உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்று தொடங்கும் அறிவுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது. பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது, தவறினாலும் தாங்கிக்கொள்ளக் கையிருப்பு உள்ளவர்களின் வசதி. தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பெரும்பாலும் பாரிஸ் போவதற்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ஆனால் பிற்பாடு ஒரு வெளிநாட்டு மொழி சோறு போடும் என்ற நிலை வரும்போது, அதைக் கடன் வாங்கிப் படிக்க வேண்டியவர் அந்த அரசுப் பள்ளிப் பிள்ளைதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் மொழி கற்பது புதிய செய்தி அல்ல. உத்தமபாளையம் வட்டத்தில், சண்முகாநதி அணைக்கு அருகில் உள்ள ராயப்பன்பட்டி திராட்சைக்குப் பேர்போன ஊர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பூமி இது. அந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். திராட்சை வந்தது, தேவாலயம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. பாதிரியாரின் மொழி மட்டும் தோட்டத்தில் கவாத்து செய்கிறவர் வீட்டுக்கு வரவில்லை.

இதே பள்ளத்தாக்கிலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மலையாளம் பேசுவார்கள். மேஸ்திரியோடு கூலிக்கு வாதாட, கடையில் கணக்குப் பார்க்க, ஆஸ்பத்திரியில் வலியைச் சொல்லக் காதால் கற்ற மொழி. எந்தச் சான்றிதழும் இல்லை. அந்தத் திறமைக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வும் இல்லை. தேவை வந்தால் மொழி கற்கும் ஆற்றல் நம் மக்களிடம் உண்டு. இல்லாதது அந்த மொழியை உரிமையாக மாற்றித் தரும் ஏற்பாடு.

இப்போது அந்த அம்மாக்களின் பிள்ளைகள் நர்சிங், டிப்ளமா, பி.இ. முடித்துவிட்டு நிற்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் ஜெர்மன், ஜப்பான் விளம்பரங்கள். "மூன்றே மாதத்தில் மொழி, ஆறு மாதத்தில் விசா." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "இங்கே ஏன் படிக்கிறாய்? அங்கேயே மொழிப் பள்ளியில் சேர், பகுதி நேர வேலை பார்த்துக் கடனை அடை" என்கிறார்கள்.

இந்த இடத்தில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1960களில் கேரளத்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியாக இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியர்களாகப் போனார்கள். போனவர்கள் தங்கையை, அண்ணன் மகளை, பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டார்கள். எந்தப் பள்ளி நல்லது, எந்த மருத்துவமனை ஏமாற்றும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் குடும்பத்துக்குள் கைமாறும் செய்தி. அவர்களின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் செய்தி உறவு வழியாகவும் சபை வழியாகவும்தான் நகர்ந்தது. உறவு என்பது சாதிக்குள் இருக்கும் நாட்டில், செய்தியும் சாதிக்குள்தான் இருக்கும். முனிச்சில் சித்தி இல்லாத பிள்ளைக்கு ஏஜென்ட்தான் சித்தி.

அந்தச் சித்தி எங்கே கொண்டுபோய் விடுவார் என்பதற்கு ஒரு மரணம் எச்சரிக்கையாக இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த விஷ்மா சந்தமாலி 2017இல் மாணவர் விசாவில் ஜப்பான் போனார். அங்கே குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுத் தர வேண்டும் என்பது அவர் கனவு. முதலில் ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பைத் தொடர முடியவில்லை. பள்ளி இல்லையென்றால் மாணவர் விசா இல்லை. நாட்டில் தங்கும் உரிமையை இழந்தார். 2020 ஆகஸ்டில், உடன் வாழ்ந்தவரின் வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தேடிக் காவல் நிலையம் போனவரை, விசா இல்லை என்று தடுப்புக் காவலில் வைத்தார்கள். உடல் நலிந்து, மருத்துவ உதவி கேட்டுக் கேட்டு, 2021 மார்ச் 6 அன்று நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் இறந்தார். வயது 33.

வெளிநாட்டு மொழிப் பள்ளி வெறும் வகுப்பறை அல்ல. விசா அந்தப் பள்ளியின் பெயரில்தான் நிற்கிறது. கட்டணம் தவறினால் பாடம் மட்டும் போகாது, அந்த மண்ணில் நிற்கும் உரிமையே போய்விடும். ஜப்பானில் மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாங்கிய கடனுக்கு அது போதாதபோது, கூடுதல் வேலை செய்தால் சட்ட மீறல், செய்யாவிட்டால் கட்டணப் பாக்கி. இரண்டு பக்கமும் பள்ளம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் அதே ஆளை "மாணவர்" என்று எழுதி மொழிப் பள்ளிக்கு அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது. "ஆலோசனைக் கட்டணம்" எத்தனை லட்சமும் ஆகலாம். தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த குறைந்தபட்சப் பாதுகாப்பைப் பறிக்க ஒரே ஒரு சொல் போதும்.

அப்படியானால் போகவே வேண்டாமா? போக வேண்டும். சாதி கேட்காத ஒரு வேலையிடத்தைத் தேடிப் போக நம் பிள்ளைகளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் நோக்கம், அடுத்து மொழி, கடைசியில்தான் பள்ளி. ஏஜென்ட் இதைத் தலைகீழாக நடத்துகிறார்.

நோக்கம் செவிலியர் வேலை என்றால் ஜெர்மன் பொருத்தமான மொழி. ஆனால் தகுதி அங்கீகாரம் கிடைக்கப் பொதுவாக பி2 நிலை வேண்டும். பி1 நிலைக்கே 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும் என்பது கோதே இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. மூன்று மாதத்தில் பி2 என்கிறவர் எதை விற்கிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செவிலியரிடம் பணமே வாங்காமல், செலவை வேலை கொடுப்பவரே ஏற்கும் ஆளெடுப்புக்கு ஜெர்மன் அரசின் தர முத்திரை உண்டு. அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உயர்கல்வி என்றால், ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் மாணவர் விசாவுக்கு, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. நம் பணத்தில் பதினோரு லட்சத்துக்கும் மேல். "இலவசக் கல்வி" என்ற விளம்பரத்தில் இந்த வரி சின்ன எழுத்தில்கூட இருக்காது.

ஜப்பான் வேலை என்றால், 2019இல் தொடங்கிய "குறிப்பிட்ட திறன்" விசாவுக்குப் பொதுவாக என்4 அளவு மொழித் தேர்வும் தொழில் தேர்வும் போதும். அதற்கு அங்கே போய் மொழிப் பள்ளியில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே என் வாதம் எளியது. கடன் வாங்கிப் போகிறவர், மொழியை இங்கேயே முடிந்த மட்டும் கற்றுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். டாய்ச்செ வெல்லே பி1 வரை இலவசப் பாடம் வைத்திருக்கிறது. ஜப்பான் ஃபவுண்டேஷனின் இரோதோரி பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அங்கே போய்த்தான் படிக்க வேண்டிய நிலை வந்தால், ஜெர்மனியில் உள்ளாட்சிகளின் ஆதரவில் நடக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக் கூடங்களை முதலில் பாருங்கள். தனியார் பள்ளி என்றால் மூன்று கேள்விகள்: கோதே, டெல்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வை நடத்தும் உரிமை அதற்கு உண்டா? விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் தருவார்களா? போன வருடம் அங்கே படித்த ஒருவரோடு, ஏஜென்ட் பக்கத்தில் இல்லாமல் பேச முடியுமா?

இதையெல்லாம் தனி ஆளின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட முடியாது. நர்சிங் முடித்த ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ ஜெர்மன் பயிற்சி அளிக்கிறது. 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் இருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நர்சிங் படிக்காத பிள்ளை என்ன செய்வது? ராயப்பன்பட்டிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனுக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தோடு பயணமும் தங்குமிடமும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கூலி. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையோ ஆண்டுக்கு 125 பேருக்கு. அதுவும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி வெளிநாட்டில் படிப்பதற்கு அந்த உதவி கிடையாது என்றும் விதி போட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யாதே என்பதுதான் அதன் பொருள்.

தேனியில் ஒரு அரசு மொழி மையம், மாவட்டத்திலேயே தேர்வு, பட்டியலின, பழங்குடி மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் முழுக்க விலக்கு, "மாணவர்" பெயரில் ஆள் அனுப்பும் ஆலோசகர்களுக்கும் பதிவும் கட்டண வரம்பும். இவை நம் கோரிக்கைகளாக வேண்டும். இது இரு மொழிக் கொள்கைக்கு எதிரானதும் அல்ல. மேலிருந்து திணிக்கும் மூன்றாவது மொழியை எதிர்க்கிறோம். தேவைக்காக ஒருவர் தானே எடுத்துக்கொள்ளும் மொழிக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்கிறோம்.

அரசு செய்யும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் படிப்பகங்கள் இருக்கின்றன. இன்று ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருக்கும் நம் தோழர்கள் வாரம் ஒரு மணி நேரம் காணொளி வழியாக ஒரு படிப்பகத்தோடு பேசினால் போதும். எந்தப் பள்ளி, எவ்வளவு செலவு, எங்கே ஏமாந்தார்கள் என்பதைத் தமிழில், ஒளிக்காமல் சொல்லட்டும். மற்றவர்களுக்குச் சாதி கொடுத்த சித்தியை நமக்கு இயக்கம்தான் கொடுக்க வேண்டும்.