ஊசியை மறுப்போம், வாயைத் திறப்போம்!

தோழர்களே! ஜிம்மில் வியர்வை சிந்தும் தம்பிகளே, சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களே! இது உங்களுக்குத்தான்!

ஜிம்மின் குப்பைத் தொட்டியை எட்டிப் பாருங்கள். உள்ளே கையை விடாதீர்கள், ஊசி குத்தும். புரோட்டீன் டப்பாவுக்கு அடியில் ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பி கிடக்கிறதா? லேபிளில் சிவப்புக் கோடு ஓடுகிறதா? மெஃபென்டெர்மின் என்று இருக்கிறதா? அதுதான்! "வெயிட் தானா ஏறும்" என்று சொல்லி நம் நரம்பில் ஏற்றும் ஊசி அதுதான்!

அது உயிர் காக்கும் மருந்து. சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் சரியும்போது தூக்கி நிறுத்துவது அது. மானிட்டரிலிருந்து கண் எடுக்காத மயக்கவியல் டாக்டர் ஒரு தடவைக்குச் சில மில்லிகிராம்தான் தருவார். மில்லிக்கு 30 மில்லிகிராம் கணக்கில், 10 மில்லி குப்பிக்குள் 300 மில்லிகிராம்! அட்டவணை எச் மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. அந்தக் குப்பி முழுசாக ஒரு கல்லூரிப் பையன் கைக்கு வருகிறது!

நல்ல உடம்பில் ஏற்றினால் அழுத்தம் எகிறும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். மாரடைப்பு வரை போகும். பழகப் பழக அதே அளவு வேலை செய்யாது; இன்னும் கேட்கும். தூக்கம் போகும். சந்தேகம் பிடிக்கும். இல்லாத குரல் காதில் கேட்கும். ஒரே சிரிஞ்சை நாலு பேர் போட்டால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் தொற்றும். போட்டி மேடை ஏறும் தோழா, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இதன் பெயர் இருக்கிறது!

நமக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். வாய்தான் திறக்கவில்லை! நாம் சும்மா இருந்தால் இன்றும் ஒரு தம்பி கையை நீட்டுவான். நாம் சும்மா இருந்தால் விற்பவன் நாளையும் விற்பான்.

பேசுவோம்! ஊசி நீட்டும் கையைத் தட்டிவிடுவோம். சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுப்போம், பத்துப் பேராகச் சேர்ந்து. மருந்துக்கடைத் தோழரே, சீட்டைக் கேளுங்கள்! மாஸ்டரே, நீங்கள் சொன்னால் பையன்கள் கேட்பார்கள், சொல்லுங்கள்!

சிக்கிக்கொண்டவனைத் துரத்தாதீர்கள். நிறுத்தியதும் அசதியும் மனச்சோர்வும் அவனை அழுத்தும். கூட இருங்கள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14446, கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண். நெஞ்சு வலித்தால் உடனே 108. என்ன ஊசி, எவ்வளவு என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்று மாலை ஜிம்முக்குப் போவீர்கள்தானே? இன்றே பேசுங்கள், தோழர்களே!